ஈஎஸ்பி32 போர்டில் டெர்மினல் வழியாக ஃபார்ம்வேர் ஏற்றுவது எப்படி?

புது போர்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் கட்டளையை அடிக்கத் தயங்குபவர்கள் நிறையப் பேர். தவறாக ஏதாவது ஏற்றிவிட்டால் போர்டு செத்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். வைஃபை வசதியுள்ள சிறிய கட்டுப்பாட்டுச் சிப்பான ஈஎஸ்பி32 விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம். சீரியல் (தரவு ஒவ்வொரு பிட்டாகப் போகும் கம்பி இணைப்பு) வழியாகப் புது ஃபார்ம்வேரை (சிப்பை இயக்கும் நிரலை) வாங்கிக்கொள்ளும் சின்ன நிரல் ஒன்றை சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரசிஃப் நிறுவனம் அதன் ரோமிலேயே (மாற்ற முடியாத நினைவகத்திலேயே) பதித்துத்தான் வெளியே அனுப்புகிறது. நாம் அழிப்பதும் எழுதுவதும் ஃப்ளாஷ் நினைவகத்தில். அதில் குப்பையைக் கொட்டினாலும் ரோமில் இருக்கும் நிரல் அப்படியே இருக்கும். அதைக் கூப்பிட்டு மறுபடி எழுதிக்கொள்ளலாம். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வேண்டியது திரையில் வரும் பதிலை நிதானமாக வாசிக்கும் பழக்கம்தான். ஒவ்வொரு கட்டளையும் என்ன நடந்தது என்று ஒரு வரியாவது சொல்லும். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்த வரியிலேயே இருக்கிறது. அதனால் கட்டளைகளோடு, அவை தரும் பதில்களையும் சேர்த்தே பார்ப்போம். உதாரணத்துக்கு, சிறிய சிப்புகளில் ஓடும் பைத்தானான மைக்ரோபைத்தானை எடுத்துக்கொள்கிறேன். ஏறிவிட்டதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும் என்பதால் தொடங்குவதற்கு அது வசதி. கணினி லினக்ஸ், அதிலும் உபுண்டு அல்லது டெபியன் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ், மேக் வித்தியாசங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கட்டளைகளை எல்லாம் ஒலிப்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். கோடு, சாய்கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் காட்டியபடியே வர வேண்டும். போர்ட் (போர்டோடு பேசக் கணினி பயன்படுத்தும் வாசல்) பெயரில் வரும் யுஎஸ்பி, ஏசிஎம் மட்டும் பெரிய எழுத்து.

கேபிளும் போர்ட்டும்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் பரவலாகக் கிடைப்பது 30 அல்லது 38 பின் உள்ள டெவ்கிட் வகை போர்டு. அதில் ஈஎஸ்பி32 சிப்பைத் தவிர, யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றித் தரும் இன்னொரு சிப்பும் இருக்கும். பெரும்பாலும் அது சிபி2102 அல்லது சிஎச்340. கணினி நேராகப் பேசுவது இந்தச் சிப்போடுதான்.

முதலில் கேபிள். செல்போன் சார்ஜரோடு வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது. போர்டில் சிவப்பு விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு எதுவும் தெரியாது. விளக்கு எரிவதை நம்பாமல் இப்படிப் பாருங்கள்:

சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ

இந்தக் கட்டளையை ஓடவிட்டு (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் சொல்), அப்புறம் கேபிளைச் செருகுங்கள். கேபிளும் போர்டும் சரியாக இருந்தால் சில வரிகள் புதிதாக வந்து விழும். அவற்றின் கடைசியில் டிடிஒய்யுஎஸ்பி0 என்று ஒரு பெயர் இருக்கும். அதுதான் உங்கள் போர்ட். முழுப் பெயர் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0. ஈஎஸ்பி32-எஸ்3, ஈஎஸ்பி32-சி3 போன்ற புதிய சிப்புகள் யுஎஸ்பியைத் தாங்களே பேசுவதால் அவை டிடிஒய்ஏசிஎம்0 என்று வரலாம். ஒரு வரிகூட வரவில்லையென்றால் முதல் சந்தேகம் கேபிள் மீது இருக்கட்டும். வேறொன்று மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் காம்3, காம்5 என்ற மாதிரி தெரியும். தெரியாவிட்டால் சிஎச்340 அல்லது சிபி2102 டிரைவரை நிறுவ வேண்டியிருக்கும். மேக்கில் /டெவ்/ அடைவுக்குள் சியு என்று தொடங்கும் பெயரைத் தேடுங்கள்.

உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிஎச்340 உள்ள போர்டைச் செருகினால் டிடிஒய்யுஎஸ்பி0 தோன்றி, அடுத்த நொடியே காணாமல் போகும். பிரெயில் காட்சிக் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அந்தச் சிப்பைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். டிமெஸ்ஜி திரையில் அதன் பெயரே எழுதியிருக்கும். அந்தக் கணினியில் யாரும் பிரெயில் கருவி பயன்படுத்துவதில்லை என்றால் அதை நீக்கிவிடலாம்:

சூடோ ஆப்ட் ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்

அடுத்தது அனுமதி. சீரியல் போர்ட்டைத் திறக்கும் உரிமை டயல்அவுட் என்ற குழுவுக்குத்தான் உண்டு. உங்கள் பயனர் பெயரை அதில் சேர்க்க வேண்டும்:

சூடோ ஆட்யூசர் உங்கள்பெயர் டயல்அவுட்

சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். அதுவரை இது நடைமுறைக்கு வராது. பெர்மிஷன் டினைடு என்று வருகிறதே என்று ஒவ்வொரு முறையும் சூடோ போட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள். பின்னால் கோப்புகள் ரூட் (நிர்வாகி) பெயரில் உருவாகி இன்னொரு தொல்லை தொடங்கும்.

ஈஎஸ்பிடூல்

ஏற்றும் கருவியின் பெயர் ஈஎஸ்பிடூல். பைத்தானில் எழுதப்பட்டது, எஸ்பிரசிஃப் நிறுவனமே பராமரிக்கிறது. ஆர்டுயினோ ஐடிஇயில் அப்லோடு பட்டனை அழுத்தும்போது பின்னணியில் ஓடுவதும் இதுதான். பட்டன் வழியாக ஏற்றத் தெரிந்தவர்களும் ஒருமுறை இதை நேராகக் கற்றுக்கொள்வது நல்லது; பிழை வரும்போது அது எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

டெபியன் 12 முதல், கணினியின் பொதுவான பைத்தானுக்குள் பிப் (பைத்தான் கருவிகளை நிறுவும் கட்டளை) வழியாக நேரடியாக நிறுவ விடமாட்டார்கள். எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்று ஒரு பிழை வரும். அதை மீறி நிறுவ வழி உண்டுதான், ஆனாலும் பைத்தானுக்குத் தனி அறை (வென்வ்) ஒன்று அமைத்துக்கொள்வதே சரி:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்
பைத்தான்3 -எம் வென்வ் போர்டு
சோர்ஸ் போர்டு/பின்/ஆக்டிவேட்
பிப் இன்ஸ்டால் ஈஎஸ்பிடூல்

இதில் போர்டு என்பது நான் வைத்த அடைவுப் பெயர், எதை வேண்டுமானாலும் வைக்கலாம். புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் மூன்றாவது வரியை மறுபடி அடிக்க வேண்டும்.

பழைய பாடங்களில் கருவியின் பெயருக்குப் பின்னால் .பிஒய் சேர்த்து, ரைட்_ஃப்ளாஷ் என்று அடிக்கோட்டோடு எழுதியிருப்பார்கள். 5-ஆம் பதிப்பிலிருந்து .பிஒய் இல்லை, அடிக்கோடும் சாதாரணக் கோடாகிவிட்டது. பழைய எழுத்துமுறையும் ஓடும், ஆனால் எச்சரிக்கை வரும். இரண்டையும் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஒரே கருவிதான்.

முதல் பேச்சு

எதையும் எழுதுவதற்கு முன்னால் போர்டு பதில் சொல்கிறதா என்று பாருங்கள். எதையும் மாற்றாத கட்டளை இது:

ஈஎஸ்பிடூல் --போர்ட் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 ஃப்ளாஷ்-ஐடி

முதலில் கனெக்டிங் என்று வந்து பக்கத்தில் புள்ளிகள் ஓடும். பிறகு சிப்பின் பெயர், திருத்த எண், 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், மேக் முகவரி (சிப்பின் வலையமைப்பு அடையாள எண்) எல்லாம் வரிசையாக வரும். சிப்பின் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்பி32, ஈஎஸ்பி32-எஸ்3, ஈஎஸ்பி32-சி3 மூன்றும் வேறு வேறு சிப்புகள், ஒன்றுக்கான ஃபார்ம்வேர் மற்றதில் ஓடாது. கடைக்காரர் சொன்னதைவிட, போர்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட, இந்த வரியைத்தான் நம்ப வேண்டும்.

அதற்குக் கீழே ஃப்ளாஷ் நினைவகத்தைப் பற்றி வரும். டிவைஸ் என்ற இடத்தில் 4016 என்று இருக்கிறது என்று வையுங்கள். கடைசி இரண்டு இலக்கமான 16 பதினாறடிமான எண்; நம் கணக்கில் 22. இரண்டை 22 முறை பெருக்கினால் 41,94,304. அதாவது 4 எம்பி. ஈஎஸ்பிடூலும் இதே கணக்கைப் போட்டுத்தான் அடுத்த வரியில் 4எம்பி என்று காட்டுகிறது. 16 எம்பி என்று விற்ற போர்டில் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்பதும் இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

கனெக்டிங் வரியைத் தாண்டாமல் புதியவர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சிப் ரீசெட் ஆகி விழிக்கும் நொடியில் ஜிபிஐஓ0 என்ற பின்னைப் பார்க்கும். அதில் மின்னழுத்தம் இருந்தால் ஃப்ளாஷில் உள்ள நிரலை ஓட்டும். அது தரையோடு (கிரவுண்டு, அதாவது 0 வோல்ட்) இணைந்திருந்தால் ரோம் நிரலில் நின்று ஃபார்ம்வேருக்காகக் காத்திருக்கும். போர்டில் உள்ள பூட் பட்டன் செய்வது அதைத்தான், அழுத்தினால் அந்தப் பின் தரையோடு இணையும். ஈஎன் என்ற இன்னொரு பட்டன் ரீசெட். டெவ்கிட் போர்டுகளில் இந்த இரண்டையும் கணினியே செய்துகொள்ளும்படி, டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு சீரியல் கம்பிகளை இரண்டு டிரான்சிஸ்டர்கள் வழியாக இணைத்திருப்பார்கள். மலிவான சில போர்டுகளில் இந்த ஏற்பாடு நேரத்துக்கு வேலை செய்யாது. அப்போது கையால் செய்ய வேண்டியதுதான்: கட்டளையை அடியுங்கள், கனெக்டிங் வந்ததும் பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், அடுத்த வரி வந்ததும் விட்டுவிடுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால், பூட்டைப் பிடித்தபடியே ஈஎன்னை ஒரு தட்டு தட்டுங்கள். தினமும் இந்த போர்டோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்றால், ஈஎன் பின்னுக்கும் தரைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிழை வரியிலும் வித்தியாசம் இருக்கிறது. ராங் பூட் மோட் என்று சொல்லி 0எக்ஸ்13 என்ற எண்ணைக் காட்டினால் (0எக்ஸ் என்று தொடங்குபவை பதினாறடிமான எண்கள்) சந்தோஷப்படுங்கள். போர்டு உயிரோடு இருக்கிறது, பேசுகிறது, பூட் பட்டன் மட்டும்தான் விழவில்லை என்று பொருள். நோ சீரியல் டேட்டா ரிசீவ்டு என்று வந்தால் எதிர்முனையிலிருந்து ஒரு பைட்கூட வரவில்லை. போர்ட் தவறா, கேபிள் ஆடுகிறதா, தனியாக வாங்கிய யுஎஸ்பி சீரியல் மாற்றியில் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (வாங்கும்) கம்பிகள் இடம் மாறிவிட்டனவா என்று பாருங்கள். போர்ட் பிஸி என்று வந்தால் வேறொரு ஜன்னலில் சீரியல் மானிட்டர் திறந்திருக்கிறது. அதை மூடுங்கள்.

போர்டோடு ஏற்கெனவே ஏதாவது இணைத்திருந்தால் முதலில் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஜிபிஐஓ2 பின்னில் மின்னழுத்தம் இருந்தால் சிப் ஃபார்ம்வேர் வாங்கும் நிலைக்கே வராது. ஜிபிஐஓ12 இன்னும் மோசம்; விழிக்கும் நேரத்தில் அதில் மின்னழுத்தம் இருந்தால் ஃப்ளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் போகும், சிப்பால் ஃப்ளாஷைப் படிக்கவே முடியாது. சென்சாரைக் கழற்றியதும் சரியாகிவிடும் மர்மப் பிழைகள் பலவற்றின் பின்னால் இந்த இரண்டு பின்கள் இருக்கின்றன.

பழையதைப் பத்திரப்படுத்துங்கள்

போர்டில் ஏற்கெனவே ஏதோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தால், குறிப்பாக வேறொரு சாதனத்திலிருந்து எடுத்த போர்டு என்றால், அழிப்பதற்கு முன் ஒரு நகல் எடுங்கள்:

ஈஎஸ்பிடூல் --போர்ட் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 --பாட் 460800 ரீட்-ஃப்ளாஷ் 0 0எக்ஸ்400000 பேக்கப்.பின்

0எக்ஸ்400000 என்பதும் அதே 41,94,304 தான், முழு 4 எம்பி. --பாட் என்பது பேசும் வேகம்; எதுவும் சொல்லாவிட்டால் 115200-இல் ஓடும். விநாடிக்குச் சுமார் 11,520 பைட் என்பதால் ஆறு நிமிடம் பிடிக்கும். 460800 கொடுத்தால் ஒன்றரை நிமிடம். இடையில் பிழை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். இந்தக் கோப்பில் வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்து வந்திருக்கலாம், அதனால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எந்த முகவரியில் எழுதுவது?

மைக்ரோபைத்தான் தளத்தில் உங்கள் சிப்புக்கான பக்கத்துக்குப் போய் .பின் கோப்பை இறக்குங்கள். சாதாரண ஈஎஸ்பி32 என்றால் ஜெனரிக் என்ற பெயரில் இருக்கும், அளவு 1.7 எம்பி பக்கத்தில். பெயர் நீளமாக இருக்கும் என்பதால் மைக்ரோ.பின் என்று மாற்றிக்கொள்வோம். இறங்கியது சரியான கோப்புதானா என்று ஒரு பார்வை:

எக்ஸ்எக்ஸ்டி மைக்ரோ.பின் | ஹெட் -1

முதல் பைட் இ9 என்று தொடங்க வேண்டும். ஈஎஸ்பி சிப்புகளுக்கான நிரல் கோப்புகளின் அடையாளம் அது. அதற்குப் பதிலாக வலது ஓரத்தில் டாக்டைப் எச்டிஎம்எல் என்று தெரிந்தால், ஃபார்ம்வேருக்குப் பதில் வலைப்பக்கத்தையே இறக்கியிருக்கிறீர்கள். டெர்மினலில் இருந்து இறக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

இப்போது முகவரி. ஈஎஸ்பி32-க்கும் எஸ்2-க்கும் 0எக்ஸ்1000. எஸ்3, சி3, பழைய ஈஎஸ்பி8266 இவற்றுக்கு 0. ஈஎஸ்பி32-இல் முதல் 4096 பைட்டுகள் பாதுகாப்பு பூட் ஏற்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டவை, ரோம் நிரல் அவற்றைத் தாண்டி 0எக்ஸ்1000-இல்தான் அடுத்த கட்ட நிரலைத் தேடும். நீங்கள் 0-இல் எழுதினால் ஈஎஸ்பிடூல் மறுப்புச் சொல்லாமல் எழுதிவிடும், சரிபார்ப்பும் வெற்றி என்றே வரும், போர்டு மட்டும் எழாது. அதனால் வேறு சிப்புக்காக எழுதிய பாடத்திலிருந்து கட்டளையை அப்படியே ஒட்டாமல், உங்கள் சிப்புக்கான பக்கத்தில் என்ன முகவரி போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

முதல்முறை என்பதால் முழுவதும் அழித்துவிட்டு எழுதலாம்:

ஈஎஸ்பிடூல் --போர்ட் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 எரேஸ்-ஃப்ளாஷ்
ஈஎஸ்பிடூல் --போர்ட் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 --பாட் 460800 ரைட்-ஃப்ளாஷ் 0எக்ஸ்1000 மைக்ரோ.பின்

எழுதும்போது ஸ்டப் என்று ஒரு சொல் வரும். ஈஎஸ்பிடூல் தன்னுடைய சிறு உதவி நிரலை முதலில் சிப்பின் ரேமில் ஏற்றி ஓடவிடுகிறது. கோப்பைச் சுருக்கி அனுப்பி அங்கே விரிப்பதால் வேலை சீக்கிரம் முடிகிறது. பிறகு சதவீதம் ஏறும். கடைசியில் ஹாஷ் ஆஃப் டேட்டா வெரிஃபைடு என்ற வரி வர வேண்டும். எழுதியதைச் சிப்பே திரும்பப் படித்துக் கணக்கிட்ட எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணும், கணினியில் உள்ள கோப்பின் எண்ணும் ஒன்று என்று அர்த்தம். இந்த வரி வராமல் நின்றால் ஏறவில்லை. வேகத்தைக் குறைத்து மறுபடி எழுதுங்கள். நடுவில் கேபிள் கழன்றாலும் பதற வேண்டாம், மறுபடி முதலிலிருந்து எழுதினால் போதும்.

ஏறிவிட்டதா?

ஈஎஸ்பிடூலை நிறுவும்போதே பைசீரியல் என்ற சீரியல் கருவித்தொகுப்பும் கூடவே வந்திருக்கும். அதிலுள்ள மினிடெர்மைத் திறங்கள்:

பைசீரியல்-மினிடெர்ம் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 115200

போர்டில் ஈஎன் பட்டனைத் தட்டுங்கள். ரோம் நிரல் சில வரிகள் பேசும், அப்புறம் மைக்ரோபைத்தானின் பதிப்பு எண்ணும் மூன்று அம்புக்குறிகளும் வரும். 2+3 என்று அடித்து எண்டர் தட்டுங்கள்; 5 என்று பதில் வந்தால் அந்தக் கூட்டலைச் செய்தது உங்கள் கையில் உள்ள போர்டு. வெளியே வர கன்ட்ரோலையும் வலது சதுர அடைப்புக்குறியையும் சேர்த்து அழுத்துங்கள்.

அம்புக்குறி வராமல் இன்வேலிட் ஹெடர் என்றோ, ஃப்ளாஷ் ரீட் எர்ரர் என்றோ ஓயாமல் ஓடினால் எழுதிய முகவரி தவறு, அல்லது ஃப்ளாஷ் காலியாகவே இருக்கிறது. மேலே சொன்ன ஜிபிஐஓ12-ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெயிட்டிங் ஃபார் டவுன்லோடு என்று நின்றால் பூட் பட்டன் அழுந்திய நிலையில் ரீசெட் ஆகியிருக்கிறது, விரலை எடுத்து ஈஎன்னைத் தட்டுங்கள். எழுத்துகளே புரியாத குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. பிரவுன்அவுட் என்று வந்து வந்து ரீசெட் ஆனால் மின்சாரம் போதவில்லை. வைஃபை இயங்கத் தொடங்கும் நேரத்தில்தான் இது பெரும்பாலும் வரும். ஹப்பை விட்டு நேராகக் கணினியில், குட்டையான, தடித்த கேபிளில் செருகிப் பாருங்கள்.

தொடக்கத்தில் சொன்ன விலக்கு இதுதான். ஈஎஸ்பிடூலோடு ஈஎஸ்பிஈஃப்யூஸ் என்ற இன்னொரு கருவியும் வரும். சிப்பினுள் ஈஃப்யூஸ் என்று சில பிட்டுகள் உண்டு. ஒருமுறை 1 ஆக்கினால் திரும்ப 0 ஆகாது. ஃப்ளாஷை மறையாக்கம் செய்வதும், ஃபார்ம்வேர் ஏற்றும் வழியையே பூட்டுவதும் அவற்றின் வழியாகத்தான். அதில் சம்மரி என்ற கட்டளை பார்ப்பதற்கு மட்டுமானது, தாராளமாக ஓட்டலாம். பர்ன் என்று தொடங்கும் எதையும் ஆவணத்தை முழுக்கப் படிக்காமல் தொடாதீர்கள். அது ஒப்புதலுக்கு ஒரு சொல்லை முழுதாக அடிக்கச் சொல்லி நிற்பதும் அதனால்தான்.

இனி உங்கள் நிரலை அனுப்ப, மைக்ரோபைத்தான் போர்டுகளுக்கான எம்பிரிமோட் என்ற கருவி போதும். பிப் வழியாக அதை நிறுவிவிட்டு:

எம்பிரிமோட் சிபி மெயின்.பிஒய் :மெயின்.பிஒய்

முக்காற்புள்ளி இருக்கும் பக்கம் போர்டு. மெயின்.பிஒய் என்ற பெயரில் இருப்பது போர்டு எழும்போதெல்லாம் தானாக ஓடும். மைக்ரோபைத்தானின் புதிய பதிப்பு வந்தால், எரேஸ் செய்யாமல் ரைட்-ஃப்ளாஷ் மட்டும் செய்யுங்கள். 4 எம்பி போர்டில் உங்கள் கோப்புகள் 0எக்ஸ்200000-க்கு மேலே தனிப் பகுதியில் இருக்கின்றன, ஃபார்ம்வேர் அதற்குக் கீழேயே முடிந்துவிடும் என்பதால் அவை அப்படியே கிடைக்கும்.